பங்குப் பதிவேட்டில் பெற்றோரைத் தேடல்

நமது பங்குகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்டு வருவோர் இரு வகையினர். 1990இலும் 1995இலும் 2009இலும் ஊரை விட்டு வெளியேறியபோது பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்துவிட்டவர்கள் ஒரு வகையினர். கடல் கடந்த நாடுகளில் பிறந்து, தம் பாட்டனாரின் பெற்றோர் யார், எந்த ஊரவர் என்று அறிய விரும்புவோர் மற்ற வகையினர். இரு சாராருக்கும் வேண்டியது ஒரே ஏடுதான். இத்தேடலை நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு நாட்டில் அது எப்படி நடக்கிறது, எங்கே வழி திறக்கிறது, எங்கே அடைபட்டு நிற்கிறது என்பதை இங்கு பார்க்க விரும்புகிறோம்.

அந்த நாடு ஸ்கொட்லாந்து. பிரித்தானியத் தீவின் வட பகுதி. நம் மலைநாட்டிலே 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்நாட்டவர். அவரைப் போல் வந்த தோட்டத்துரைமார் பலர். துரைமாரின் நாடு என்றதும் அங்குள்ள எல்லோரும் காணி பூமியுடையவர்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. அங்கே நிலம் மிகச் சில பிரபுக்களின் கையிலே இருந்தது. உழுது பயிரிட்ட மக்களிற் பெரும்பாலோர் குத்தகைக்காரர். உறுதி என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. அவர்களுடைய பெயர் எழுத்திலே ஏறிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கோவில் ஏடு.

இந்த ஏடுகளின் தொடக்கம் கத்தோலிக்க காலத்துக்குரியது. 1552ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் மாகாண சங்கம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானங்களையும் கலியாண ஓலைகளையும் எழுதிவைக்க வேண்டுமென்று விதித்தது. இன்று எஞ்சியுள்ள ஏடுகளில் மிகப் பழையது எறொல் என்ற பங்கினுடையது, 1553இல் தொடங்குகிறது. 1560இல் அந்நாடு புரட்டஸ்தாந்து மதத்தைத் தழுவிய பின்னர் அரச அங்கீகாரம் பெற்ற சபை இவ்வேலையைத் தொடர்ந்தது. 1855 ஜனவரி முதலாந் திகதி அரசாங்கம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவைத் தானே ஏற்றுக்கொள்ளும்வரை இப்படியே நடந்தது. 900க்கு மேற்பட்ட பங்குகளின் ஏறத்தாழ 3,500 ஏடுகள் எஞ்சியுள்ளன. அவை எடின்பரோ நகரில் ஒன்றுசேர்க்கப்பட்டு, பெயர் அட்டவணை இடப்பட்டு, இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் கணினி வழியாகப் பார்க்கத் தக்கனவாய் உள்ளன.

ஏட்டை எழுதியவர் பெரும்பாலும் போதகரல்லர். ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரே மூப்பர் சபையின் எழுத்தராகவும் இருந்து, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதினார். கையெழுத்து நன்றாயிருந்த ஊரும் உண்டு. கோழி கிளறியது போலிருந்த ஊரும் உண்டு. சிலர் தாயின் பெயரை எழுதாமலே விட்டார்கள்.

"இன்" என்பதும் "இல்" என்பதும்

ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம். ஸ்கொட்லாந்து மக்கள் தம் தேசியக் கவியாகக் கொண்டாடும் றொபேட் பேர்ண்ஸ் ஒரு குத்தகை விவசாயியின் மகன். தாமும் ஏர் பிடித்து உழுதவர். ஏயர் பங்கின் ஏட்டிலே அவருக்குரிய பதிவு மிகச் சிறியது. அலோவேயிலுள்ள வில்லியம் பேர்ண்ஸ், அவர் மனைவி ஆக்னஸ் பிறவுண் ஆகியோரின் முறையான மகன் றொபேட், 1759 ஜனவரி 25இல் பிறந்து 26இல் போதகர் வில்லியம் டல்றிம்பிளிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பது அதன் பொருள். கூடவே இரண்டு சாட்சிகளின் பெயர்கள். இவ்வளவுதான்.

ஆனால் தேடுபவருக்கு இதில் நிறைய உண்டு. தாய் தன் பிறந்த வீட்டுப் பெயருடனேயே குறிக்கப்படுகிறாள். கலியாணத்துக்குப் பின்னும் பெண்ணைத் தந்தை வழிப் பெயராலேயே எழுதுவது ஸ்கொட்லாந்து வழக்கம். ஆகையால் தாய்வழியும் அறுந்துபோவதில்லை. சாட்சிகள் பெரும்பாலும் அயலவர் அல்லது உறவினர். அவர்களைத் தொடர்ந்து போனால் குடும்பத்தின் சுற்றம் தெரியவரும். "முறையான மகன்" என்ற சொல் பெற்றோர் விவாகமானவர்கள் என்பதைக் காட்டும். எல்லாவற்றிலும் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஊர்ப் பெயருக்கு முன் நிற்கும் ஒரு சிறு சொல். காணியின் சொந்தக்காரரை "அலோவேயின் இன்னார்" என்றும், குத்தகைக்காரரை "அலோவேயில் இன்னார்" என்றும் எழுதுவது அந்நாட்டு முறை. தமிழிலே சொன்னால் "இன்" உடையவருக்கு, "இல்" இருப்பவருக்கு. வில்லியம் பேர்ண்ஸ் "இல்" வகையைச் சேர்ந்தவர். ஓரெழுத்து மாற்றத்தில் ஒரு குடும்பத்தின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த வில்லியம் அவ்வூரவரும் அல்லர். வடகிழக்கே கிங்காடின் பகுதியிலுள்ள குளொக்னாஹில் என்ற பண்ணையைச் சேர்ந்தவர். 1721இல் பிறந்தவர். தந்தை றொபேட் பேர்னஸ். தாய் இசபெல்லா கீத். தந்தையார் நொடித்துப்போனதால் குடும்பம் நிலைகுலைந்தது. 1748இல் வில்லியமும் ஒரு சகோதரரும் வேலை தேடி வெளிக்கிட்டார்கள். சொந்த ஊரின் எல்லையில் ஒரு குன்றின்மேல் நின்று, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துபோன வேளையில் தாம் அடைந்த வேதனையைத் தந்தையார் அடிக்கடி சொல்லக் கேட்டதாகக் கவிஞரின் தம்பி கில்பேட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எடின்பரோவில் தோட்ட வேலை செய்த வில்லியம், வயதான பெற்றோருக்குக் கடிதத்துக்குள்ளே பணத்தாள் வைத்து அனுப்புவாராம். பின்னர் தெற்கே ஏயர் பகுதிக்குப் போய், அலோவேயில் ஏழு ஏக்கர் அளவான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தம் கையாலேயே மண்சுவர் எழுப்பி வீடு கட்டி, 1757இல் ஆக்னஸைக் கைப்பிடித்தார். அந்த மண் வீட்டிலேதான் கவிஞர் பிறந்தார்.

ஊரை விட்டுப் போனவர் கையிலே கடதாசிகளும் இருந்தன. 1745இல் வடக்கே அரசுக்கு எதிரான கிளர்ச்சி ஒன்று எழுந்து, அடுத்த ஆண்டு அடக்கப்பட்டிருந்தது. வடக்கிலிருந்து வரும் இளைஞன் எவனும் சந்தேகத்துக்குரியவன். வில்லியம் அக்கிளர்ச்சியில் எவ்விதப் பங்கும் கொள்ளவில்லை என்று அவர் பிறந்த பங்கின் போதகர் கொடுத்த சான்றைத் தந்தையார் ஏயருக்கு வந்தபோது காட்டியதாகக் கில்பேட் சொல்கிறார். இவர் நேர்மையான விவசாயி ஒருவரின் மகன், நல்ல பிள்ளை என்று ஊர்ப் பெரியவர்கள் 1748இல் எழுதிக் கொடுத்த கடிதமும் உண்டு. சோதனைச் சாவடிகளில் விதானையாரின் கடிதத்தையும் அடையாள அட்டையையும் ஒருங்கே நீட்டிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கிளர்ச்சி இல்லாத காலத்திலும் இத்தகைய சான்று அங்கே வேண்டியிருந்தது. ஏழைகளுக்கு உதவுவது ஒவ்வொரு பங்கின் பொறுப்பு. பிறப்பாலோ, சில வருடக் குடியிருப்பாலோ ஒருவர் எந்தப் பங்குக்கு உரியவரோ அந்தப் பங்கே அவரைத் தாங்க வேண்டும். ஆகவே புதிதாக வந்து சேரும் குடும்பத்தைப் பார்த்து, நாளைக்கு இவர்கள் நம் உண்டியலுக்குப் பாரமாவார்களோ என்ற கேள்வி எழும். பழைய பங்கின் போதகரும் மூப்பர்களும் கொடுத்த நடத்தைச் சான்று இருந்தால்தான் புதிய பங்கில் ஏற்றுக்கொள்வார்கள். சில மூப்பர் சபைகள் இவ்வாறு வந்த சான்றுகளைக் குறிப்பேட்டிலே பதிந்துவைத்தன. இன்று முன்னோரைத் தேடுவோருக்கு அந்த வரிகள் பெரும் உதவி. ஒரு குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது வேறெங்கும் கிடைக்காதபோது அங்கே கிடைக்கும்.

பின்னிருந்து முன்னே

தேடலை எங்கே தொடங்குவது? பிறப்பிலிருந்து அன்று, இறப்பிலிருந்து. 1855ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மரணப் பதிவில், இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்கப்பட்டன. எண்பது வயதுக் கிழவி ஒருத்தி 1860இல் இறந்திருந்தால், 1780இலே அவளைப் பெற்றவர்களின் பெயர்கள் அப்பதிவில் இருக்கக்கூடும். அப்பெயர்களை வைத்துக்கொண்டு பழைய பங்கு ஏட்டுக்குள் நுழையலாம். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஒவ்வொருவரும் பிறந்த பங்கின் பெயரைக் கேட்டிருப்பதால், எந்த ஏடு என்பதும் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மரணப் பதிவிலுள்ள பெற்றோர் பெயரைச் சொன்னவர் இறந்தவர் அல்லர். மகனோ மருமகனோ அயலவரோ சொன்னது. பாட்டியின் பெயரை மருமகன் பிழையாகச் சொல்வது எந்த நாட்டிலும் நடக்கும்.

நாம் தேடுபவர் 1855க்கு முன்பே இறந்திருந்தால்? சகோதரரைத் தேட வேண்டும். கவிஞர் 1796இல் இறந்தார். அவரோடு பிறந்தவர்கள் அறுவர். அவர்களில் ஐவர் அச்சட்டம் வருமுன் காலமானார்கள். கடைசித் தங்கை இசபெல்லா மாத்திரம் 1858 டிசம்பர் வரை வாழ்ந்தார். கவிஞர் புகழ்பெறாத ஓர் உழவராகவே இருந்து, அவர் பெற்றோரை நாம் தேட நேர்ந்திருந்தால், இந்தத் தங்கையின் மரணப் பதிவுதான் கதவு. நேர்வழி அடைபட்டால் பக்கவழி.

பெயரிடும் வழக்கமும் கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயர். பேரன் என்ற சொல்லையே பெயரன் என்பதிலிருந்து பெற்ற நமக்கு இது புதிதன்று. பேர்ண்ஸ் குடும்பத்தில் பாருங்கள்: மூத்தவர் றொபேட், தந்தையின் தந்தை பெயர். இரண்டாமவர் கில்பேட், தாயின் தந்தை கில்பேட் பிறவுணின் பெயர். மூன்றாம் மகன் வில்லியம். மூத்த மகள் ஆக்னஸ், தாயின் தாய் ஆக்னஸ் றெனியின் பெயர். இரண்டாம் மகள் இசபெல்லா ஆகியிருக்க வேண்டும். ஆனால் அனபெல்லா என்று பெயரிட்டிருக்கிறார்கள். இசபெல்லா என்ற பெயர் மூன்றாம் மகளுக்குத்தான் வந்தது. ஆகவே வழக்கம் ஒரு கைகாட்டி மாத்திரமே. அதைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது.

எழுத்துக் கூட்டலையும் நம்ப முடியாது. தந்தை பேர்னஸ் என்று இரண்டு அசையாக வழங்கிய பெயரை மகன்மார் 1786இல் பேர்ண்ஸ் என்று சுருக்கிக்கொண்டனர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவர். ஒரே சின்னத்தம்பியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிய நம் கச்சேரிப் பத்திரங்களைக் கண்டவர்கள் இதற்காக அந்த எழுத்தரைக் கோபிக்க மாட்டார்கள்.

ஏடு இல்லாத இடத்தில் சேமக்காலை உதவலாம். கிங்காடினிலுள்ள கிளென்பேர்வி கோவில் சேமக்காலையில் கவிஞரின் பூட்டனாரான ஜேம்ஸ் பேர்னஸின் கல்லறைக்கல் இருக்கிறது. பிறௌலின்மியூர் என்ற பண்ணையில் குத்தகைக்காரராய் இருந்து 1743இல் இறந்தவர். கல்லறைக்கல் வைக்க வசதியில்லாதவர்களே மிகப் பலர் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏட்டில் வராதவர்கள்

இனி வழி அடைபடும் இடங்கள். 1783இல் அரசாங்கம் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதித்தது. பஞ்சைகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் பஞ்சை என்று பெயர் வாங்க யார் விரும்புவார்? பலர் பிள்ளைகளைப் பதியாமலே விட்டனர். 1794இல் வரி நீங்கியது. அந்தப் பதினொரு வருடக் குழி இன்றும் அப்படியே கிடக்கிறது. 1843இல் சபை பிளவுபட்டு, ஏறத்தாழ மூன்றிலொரு பகுதிப் போதகர்கள் மக்களோடு வெளியேறினர். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர் பழைய ஏட்டில் இருக்காது. அடக்கப் பதிவுகள் இன்னும் மோசம். பல பங்குகளில் எஞ்சியிருப்பது, சவப்பெட்டிமேல் விரிக்கும் கறுப்புத் துணிக்கு யார் வாடகை கட்டினார்கள் என்ற கணக்கு மாத்திரமே. துணிக்குப் பணம் கட்டாதவரின் சாவு எழுத்தில் இல்லை.

கத்தோலிக்கரின் நிலை வேறு. தண்டனைச் சட்டங்களின் கீழ் மறைந்து வாழ்ந்த குருக்கள் ஏடு வைத்திருப்பது எளிதாயிருக்கவில்லை. அந்நாட்டுக் கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதன் பின்னரோதான் தொடங்குகின்றன. வட மேற்கு மலைப்புறத்திலும் தீவுகளிலும் எல்லோருக்குமே தட்டுப்பாடுதான். சில தீவுப் பங்குகளில் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் ஏடே இல்லை. அந்த மலைப்புறங்களிலிருந்துதான் செம்மறியாடு வளர்ப்பதற்காகக் குத்தகைக்காரர் கிராமம் கிராமமாக அகற்றப்பட்டார்கள். 1845ஆம் ஆண்டு மே மாதத்தில் கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 80 பேர் குறொயிக் கோவிலின் சேமக்காலை வளவிலே கூடாரமடித்துத் தங்கினர். கோவில் யன்னற் கண்ணாடியிலே தங்கள் ஊரின் பெயரையும், தாங்கள் அங்கே தங்கியதையும் வெளிப்புறமாகக் கீறி வைத்தார்கள். எழுத்துகளை இன்றும் வாசிக்கலாம்.

மூப்பர் சபைக் குறிப்பேடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை நமக்குச் சங்கடமானவை. விவாகமின்றிக் கருவுற்ற பெண்ணை அழைத்து, பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டு எழுதினார்கள். ஒழுக்கம் ஒரு காரணம். தகப்பன் அகப்பட்டால் பிள்ளையின் செலவு பங்கின் தலையில் விழாது என்பது மற்றக் காரணம். கவிஞரே இதில் அகப்பட்டவர். ஜீன் ஆமர் என்ற பெண் அவரால் கருவுற்றிருந்ததற்காக 1786இல் மொக்லின் கோவிலில் மூன்று ஞாயிறு சபைமுன் நின்று கண்டனம் கேட்டார். முறைப்படி ஓலை வாசிக்காமல் இருவரும் தம்முள் ஏற்றுக்கொண்ட விவாகத்தை 1788 ஆகஸ்டில் அதே மூப்பர் சபை ஒப்புக்கொண்டு குறிப்பேட்டில் எழுதியது. ஏழைகளுக்கென்று அவர் ஒரு கினி கொடுத்தார். இத்தகைய வாய்ச்சொல் விவாகத்தை ஸ்கொட்லாந்துச் சட்டம் 1940 வரை ஏற்றுக்கொண்டது. ஆகவே விவாகப் பதிவு இல்லையென்பதால் விவாகமே நடக்கவில்லை என்று முடிவு கட்டலாகாது. புகழ்பெற்ற ஆணின் கதையை எல்லோரும் சிரித்துக்கொண்டு படிக்கிறார்கள். ஏழு மாத வயிற்றோடு மூப்பர்முன் தனியே நின்ற வேலைக்காரப் பெண்ணின் வரிகளை அப்படிப் படிக்க நம்மால் முடிவதில்லை. ஆனாலும், தகப்பன் பெயரில்லாத பிள்ளைக்கு இன்று அப்பெயர் கிடைப்பது அந்த வரிகளில்தான்.

நமது பக்கம்

நம் நாட்டிலும் கோவிலும் பள்ளிக்கூடமும் அரசும் ஒரே ஏட்டில் சந்தித்த காலம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் பள்ளிக்கூட உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் எழுதினார். அதில் ஏறாதவருக்கு முதுசொத்து உரிமையே கேள்விக்குரியதாயிற்று. அதனால் கத்தோலிக்கரும் சைவரும் மனம் ஒவ்வாமலே ஒல்லாந்தக் கோவிலில் பெயர் பதிந்தார்கள். பழைய ஏட்டைப் படிக்கிறவர்கள் அந்தப் பெயர்களை விசுவாச அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன? கத்தோலிக்கக் குடும்பங்கள், தாம் ஞானஸ்நானம் பெற்ற பங்கு எதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தாம் விவாகம் செய்த பங்கையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் ஞானஸ்நானம் இடைத்தங்கல் முகாமிலோ வேறொரு பங்கிலோ நடந்திருந்தால் எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்பதை இப்பொழுதே கேட்டு அறிந்துகொள்வது நல்லது. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது ஞானஸ்நானச் சான்றைக் கூடவே கொண்டு செல்லலாம். சைவக் குடும்பங்களுக்குப் பங்கு ஏடு இல்லை. ஆனால் சாதகக் குறிப்பு, பழைய உறுதியின் பிரதி, பள்ளிக்கூட வரவுப் பதிவு, ஆசுபத்திரித் துண்டு ஆகிய எல்லாமே சான்றுதான். மரணப் பதிவின்போது விபரம் சொல்லப் போகிறவர், இறந்தவரின் தாய் தந்தை பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு போகட்டும்.

வீட்டில் ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்குவோர் அம்மம்மாவிடமும் அப்பாச்சியிடமும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அவர்களுடைய தாயின் பெயரும் தாய் பிறந்த ஊரும். ஆண்வழியை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், மறைவது பெண்வழிதான். அடுத்தது காணியின் பெயர். யாழ்ப்பாணத்துக் காணி ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்த காணியானாலும் அதன் பெயரையும், சொந்தக்காரர் யாரென்பதையும், எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் வரை அங்கே இருந்தோம் என்பதையும் எழுதுங்கள். கிணறு யாருக்கெல்லாம் பங்கு, வடக்கெல்லையில் யார், கிழக்கெல்லையில் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அயலவர்களும் இப்பொழுது வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கொப்பியில் உங்கள் பெயர் இருக்கும்.